கேள்வி – பதில்: மணிகரணின் வெந்நீர் ஊற்றுகள்

கேள்வி: மணாலி சுற்றுலாவில் இமாசலப் பிரதேசத்தின் மணிகரணுக்கு அரை நாள் மட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள். மூட்டுவலி உள்ள என் தாயாரும் உடன் வருகிறார், வயது 67. அரை நாள் போதுமா? அவர் அங்கே நீராட முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: போதாது. மணாலியிலிருந்து பூந்தர் என்ற ஊருக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அங்கிருந்து பார்வதி ஆற்றை ஒட்டிய குறுகிய மலைப்பாதையில் இன்னும் 35 கிலோமீட்டர். அரை நாள் பயணம் என்றால் பெரும்பகுதி வண்டியிலேயே கழிந்து, ஊற்றின் ஆவியைப் பார்த்துவிட்டுத் திரும்பியதாகவே முடியும். ஓர் இரவாவது அங்கே தங்கும்படி பயணத் திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

நீராடுவதைப் பொறுத்தவரை ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊற்று வாயில் நீர் கொதிநிலையை ஒட்டியே இருக்கும் என்பதால் அதில் கை வைக்கவே கூடாது. குளிர்ந்த நீர் கலந்து பதப்படுத்திய குளங்கள் அங்குள்ள சீக்கியர் வழிபாட்டுத் தலமான குருத்வாராவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக இருக்கின்றன. அவற்றிலும் முதலில் பாதத்தை நனைத்துச் சூடு தாங்குகிறதா என்று பார்த்து, சில நிமிடங்களில் வெளியே வந்துவிடுவது நல்லது. மூட்டுவலிக்கு அந்த இளஞ்சூடு இதமாக இருக்கும். நோயைத் தீர்க்கும் என்று நம்பி மருந்தை நிறுத்திவிட வேண்டாம். இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால், புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்கள் தாயார் அவசியம் பார்க்க வேண்டியது அங்கே நடக்கும் சமையல். அரிசியையோ கொண்டைக்கடலையையோ மெல்லிய துணியில் முடிந்து, நூலில் கட்டி, சிவன் கோயிலருகே உள்ள ஊற்றில் இறக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். குருத்வாராவின் லங்கர் எனப்படும் இலவசப் பொதுப் பந்திக்கான சோறும் பருப்பும் பெரிய பாத்திரங்களில் அதே ஊற்று நீரின் சூட்டிலேயே வேகின்றன. அந்தப் பந்தியில் யார் வேண்டுமானாலும் அமர்ந்து உண்ணலாம்; தலையை மூடிக்கொள்ளவும் காலணியைக் கழற்றவும் மறவாதீர்கள். விறகில்லாமல் வெந்த சோற்றை முன்பின் அறியாதவர்களோடு தரையில் அமர்ந்து உண்பதற்காகவே அவ்வளவு தூரம் போகலாம் என்பது என் கருத்து.

ஊரின் பெயர்க் கதையும் இந்நீரோடு சேர்ந்ததுதான். பார்வதியின் காதணி மணி நீரில் விழுந்து ஆதிசேடனிடம் போய்ச் சேர்ந்ததாகவும், சிவன் சினந்தபோது ஆதிசேடன் சீறிய சீற்றத்தில் மணிகளோடு வெந்நீர் பீறிட்டதாகவும் சொல்கிறார்கள். குருநானக் தம் சீடர் மர்தானாவுடன் இங்கே வந்தபோது, நீரில் மூழ்கிய ரொட்டிகள் வெந்து மேலே மிதந்தன என்பது சீக்கியர் மரபு. 1905ஆம் ஆண்டின் காங்ரா நிலநடுக்கத்தில் சாய்ந்த சிவன் கோயிலையும், குல்லு மன்னர் ஜகத் சிங் கட்டியதாகக் கூறப்படும் இராமர் கோயிலையும் மெதுவாக நடந்தே பார்த்துவிடலாம். நான்கு கிலோமீட்டர் முன்னதாக வரும் கசோலில் ஆற்றங்கரையும் தேநீர்க் கடைகளும் உண்டு. ஒரு மணி நேரம் போதும்.

கேள்வி: அங்கே எரிமலை ஏதும் இல்லையே, தண்ணீர் எப்படிக் கொதிக்கிறது?
– மாணவர், திருநெல்வேலி

பதில்: மழைநீரும் உருகிய பனிநீரும் பாறை வெடிப்புகளின் வழியே வெகு ஆழத்துக்கு இறங்குகின்றன. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் சராசரியாக 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் கூடும். இரு நிலத்தட்டுகள் மோதி எழுந்த இமயமலையில் பாறைகள் வெகுவாக நொறுங்கியிருப்பதால், சூடேறிய நீர் ஆறுவதற்குள் வெடிப்புகளின் வழியே விரைந்து மேலே வந்துவிடுகிறது. மணிகரண் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். சமவெளியைவிடச் சோறு வேகச் சற்றுக் கூடுதல் நேரம் ஆவதற்குக் காரணம் அதுவே. இந்த வெப்பத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்க 5 கிலோவாட் அளவிலான சோதனை நிலையம் ஒன்றும் அங்கே அமைக்கப்பட்டது.

கேள்வி: கீர்கங்காவுக்கு என் இரு மகன்களும் போக விரும்புகிறார்கள். கடினமான பாதையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நடைப்பழக்கம் உள்ள இளைஞர்களுக்குக் கடினமன்று. மணிகரணைத் தாண்டி வாகனப் பாதையில் பர்ஷேனி வரை சென்று, அங்கிருந்து தேவதாருக் காட்டினூடே சுமார் 12 கிலோமீட்டர் ஏற வேண்டும். ஐந்து ஆறு மணி நேரம் ஆகும். ஏறத்தாழ 2,950 மீட்டர் உயரத்தில், எதிரே பனிமலைகள் நிற்க, திறந்தவெளியில் வெந்நீர்க் குளம் ஒன்று இருக்கிறது. சிவபெருமானின் மகன் கார்த்திகேயன் அங்கே நெடுங்காலம் தவமிருந்ததாக அம்மலை மக்கள் நம்புகிறார்கள். முருகனைக் குன்றுதோறும் தேடிப் போகும் நமக்கு, அவ்வளவு வடக்கே அவன் பெயரைக் கேட்பது தனி நிறைவைத் தரும். காலையிலேயே புறப்படச் சொல்லுங்கள். இருட்டிய பின் காட்டுப் பாதையில் நடக்க விட வேண்டாம். குளத்தில் சோப்பு பயன்படுத்தக் கூடாது என்பதையும், கொண்டுபோகும் பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துவர வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: ஜூலை மாத விடுமுறையில் போகலாமா?
– வாசகி, சேலம்

பதில்: வேண்டாம். மழைக்காலத்தில் அப்பள்ளத்தாக்கில் மண்சரிவும் பாறை உருளுதலும் வழக்கம். 2015 ஆகஸ்டில் பெரும்பாறைகள் குருத்வாராவின் மீதே விழுந்து யாத்திரிகர்கள் உயிரிழந்தார்கள். ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரையோ, செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் வரையோ செல்லுங்கள். எந்த மாதமானாலும் பார்வதி ஆற்றில் மட்டும் இறங்காதீர்கள். கரையில் ஊற்று கொதித்தாலும் ஆறு பனிக்குளிராகவும் பெருவேகத்தோடும் ஓடுகிறது.