எழுத்து பெரிது, ஆனாலும் பக்கம் நெரிசல்: என்ன செய்யலாம்?

கேள்வி: என் சிறுகதைத் தொகுப்பு டெமி அளவில் (5.5 × 8.5 அங்குலம்) 160 பக்கம் வருகிறது. எழுத்து 12 பாயிண்ட், வரி இடைவெளி (ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடி வரை) 13. ஆனாலும் பக்கத்தைத் திறந்தாலே மூச்சு முட்டுகிறது. எழுத்தை 13 ஆக்கி, கொஞ்சம் போல்டும் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், இன்னும் மோசமாகும். எழுத்தை 11க்கு இறக்கி, வரி இடைவெளியை 15க்கு ஏற்றுங்கள்.

பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் ஒன்றையும் மாற்றாமல் விட்டால் 12 பாயிண்ட் எழுத்துக்கு அது 14.4 இடைவெளி வைக்கும். தமிழுக்கு அதுவே இறுக்கம்தான். நீங்கள் அதற்கும் கீழே போயிருக்கிறீர்கள். ஒரு வரியில் 'மூ', 'து' கீழே இறங்குகின்றன. அடுத்த வரியில் 'கீ'யின் சுழியும் மெய்யெழுத்தின் புள்ளியும் மேலே ஏறுகின்றன. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் கண் தடுக்குகிறது.

பக்கம் கூடுமே என்பீர்கள். பக்கத்தில் எழுத்து நிற்கும் பகுதி 480 பாயிண்ட் உயரம் என்றால் இப்போது 37 வரி இருக்கும், இனி 32. எழுத்து சிறிதாவதால் வரிக்குக் கூடுதல் சொற்கள் பிடிக்கும். கணக்குப் பார்த்தால் 170 பக்கத்தை ஒட்டி வரும். 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்களின் தொகுப்பு) என்றால் 176, அதாவது ஒரே ஒரு ஃபாரம்தான் கூடுதல். அந்தச் செலவு தகும்.

72 பாயிண்ட் ஓர் அங்குலம். ஆனால் 11 பாயிண்ட், 12 பாயிண்ட் என்பது எழுத்தின் உயரம் அல்ல, எழுத்து உட்காரும் கட்டத்தின் உயரம். லதா, விஜயா என்ற இரண்டு எழுத்துருக்களையும் ஒரே 11 பாயிண்டில் வைத்துப் பாருங்கள், விஜயா நன்றாகவே சிறுத்துத் தெரியும். எழுத்துருவை மாற்றினால் நான் சொன்ன எண்களையும் கொஞ்சம் ஏற்றி இறக்க வேண்டியிருக்கும்.

வரியின் இரு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று எழுத்துகளுக்கு இடையே இடம் விடாதீர்கள். 'கொ' என்பது கொம்பு, க, கால் என மூன்று துண்டு. இடையில் இடம் விட்டால் கால் தனியே விலகி 'ர' மாதிரி நிற்கும். அந்த அளவு பூஜ்யமாகவே இருக்கட்டும். தமிழ்ச் சொல் நீளம். ஒரு சொல் அடுத்த வரிக்குப் போனாலே இங்கே பெரிய ஓட்டை விழும். சொல்லை உடைத்துக்கொள்ளலாம், கோடு போட வேண்டியதில்லை. உடைத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம் போல்ட். கதை முழுவதற்கும் ரெகுலர் போதும். மேப்லித்தோ என்னும் பளபளப்பில்லாத புத்தகத் தாளில் மை சற்றே பரவும், அதனால் எழுத்து தானாகவே கொஞ்சம் தடிக்கும். தலைப்புக்குத் தடிமன் வேண்டுமென்றால் நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர் போல, தடிமன் வகைகளைத் தனித்தனியாக வரைந்து வைத்திருக்கும் எழுத்துருவை எடுங்கள். இல்லாத போல்டை மென்பொருள் செயற்கையாக உண்டாக்கினால் 'ண', 'ஞ', 'இ' ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுப்போகும்.

திரையில் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நான்கு பக்கங்களை, தாளுக்குப் பொருத்தும் தேர்வை எடுத்துவிட்டு, 100 சதவீத அளவில் அச்செடுத்து டெமிக்கு வெட்டி, கையில் பிடித்துப் படித்துப் பாருங்கள். இன்னும் இறுக்கமாகத் தெரிந்தால் வரி இடைவெளியில் அரை பாயிண்ட் கூட்டுங்கள், எழுத்தைத் தொடாதீர்கள்.