செங்கடல் அடியில் உலோகச் சேறு: வாசகர் கேள்விகள்

கடலடிச் சேற்றில் உலோகம் எங்கிருந்து வருகிறது? எரிமலை கக்குகிறதா?

கக்குவதில்லை, பாறையிலிருந்து கரைந்து வருகிறது. கடலடித் தட்டுகள் விலகும் இடத்தில் விரிசல் வழியே கடல்நீர் உள்ளே இறங்கும். அடியிலுள்ள பாறைக்குழம்பின் சூட்டில் காய்ந்து, இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், செம்பு எல்லாவற்றையும் அரித்துக்கொண்டு மேலே ஏறும். 1979-இல் கிழக்குப் பசிபிக்கில் கண்ட, இந்த நீர் கரும்புகை போலக் கிளம்பும் 'கரும்புகை ஊற்றுகளில்' வெப்பம் 350 டிகிரியை ஒட்டி இருந்தது. குளிர்நீர் பட்டதும் உலோகம் துகளாகப் பிரிந்துவிடும். ஆனால் அதில் பெரும்பகுதியை நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும்.

அப்படியானால் செங்கடலில் மட்டும் எப்படி இவ்வளவு குவிந்தது?

அங்கே உலோகம் தப்பிப் போக வழியில்லை. செங்கடலுக்கு அடியில் பழைய உப்புப் படிவங்கள் தடிமனாக இருக்கின்றன. உள்ளே போகும் நீர் அந்த உப்பையும் கரைத்துக்கொள்வதால் உலோகத்தைச் சுமக்கும் திறன் கூடுகிறது, எடையும் கூடுகிறது. வெளியே வந்ததும் மேலே எழாமல் பள்ளத்தில் குளமாகத் தேங்கிவிடும். கடலுக்குள் ஒரு குளம்! சுமார் 2,000 மீட்டர் ஆழத்திலுள்ள 'அட்லாண்டிஸ் 2' பள்ளத்தில் இந்த நீர் 60 டிகிரிக்கு மேல் சூடு. உப்பு, சாதாரணக் கடல்நீரைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. துத்தநாகமும் செம்பும் கந்தகத்தோடு சேர்ந்து அங்கேயே அடியில் படிகின்றன.

அந்தச் சேறு பல நிறத்தில் இருப்பது ஏன்?

இரும்புச்சத்துள்ள போர் தண்ணீரை வாளியில் பிடித்து வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருக்கும், சற்று நேரத்தில் காவி நிறமாகும். காற்றிலுள்ள ஆக்சிஜன் செய்யும் வேலை அது. உப்புக் குளத்துக்குள் ஆக்சிஜன் இல்லை. அதன் மேல்விளிம்பில், சாதாரணக் கடல்நீரைத் தொடும் இடத்தில்தான் இரும்பு காவியாகி உள்ளே விழுகிறது. குழாய் இறக்கி எடுத்த சேற்றைப் பிளந்தால் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று வரி வரியாகத் தெரியும். கறுப்பு வரிகளில்தான் சல்ஃபைடு, அதாவது கந்தகத்தோடு சேர்ந்த உலோகம், அதிகம்.

மாங்கனீசு முடிச்சுகளும் இதுதானே?

இல்லை. அவை ஆழ்கடல் தரையில் கிடக்கும் உருளைக்கிழங்கு போன்ற கட்டிகள், பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கருவி செய்வது அவற்றை அள்ளத்தான்.

செங்கடல் சேற்றை அள்ளி விற்கலாமா?

1979-இல் சவூதி, சூடான் கூட்டு ஆணையத்துக்காக ஒரு ஜெர்மன் நிறுவனம் சேற்றைக் கப்பலுக்கு உறிஞ்சியே காட்டியது. அள்ளுவது சரி, அப்புறம் மாவு போன்ற நுண்துகளிலிருந்து உலோகத்தைப் பிரிக்க வேண்டும், மிச்சச் சேற்றைக் கொட்ட இடம் வேண்டும். வணிகச் சுரங்கம் இன்னும் தொடங்கவில்லை.