படத்துக்கு 304 வருகிறது, பிஎச்பி பக்கத்துக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: பிஎச்பி, மைஎஸ்க்யூஎல்லில் பொருள் பட்டியல் தளம் ஒன்று நடத்துகிறேன். படங்களுக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கும் 304 (மாறவில்லை, உன்னிடம் இருப்பதையே காட்டு) வருகிறது. அபூர்வமாகவே மாறும் பட்டியல் பக்கம் மட்டும் ஒவ்வொரு முறையும் 200 என்று முழுசாக இறங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில்: படங்கள் டிஸ்கில் கோப்பாக இருக்கின்றன, அதனால் அவை கடைசியாக மாறிய நேரத்தை அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ (வெப் சர்வர்) தானே எடுத்து லாஸ்ட்-மாடிஃபைட் ஹெடரில் (பதிலோடு போகும் குறிப்பு வரி) அனுப்பிவிடும். அடுத்த முறை பிரவுசர் அதே நேரத்தை இஃப்-மாடிஃபைட்-சின்ஸ் ஹெடரில் திருப்பிக் கொடுத்து, இதற்கப்புறம் ஏதாவது மாறியதா என்று கேட்கும், மாறவில்லையென்றால் வெறும் 304 போதும். 1996இல் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே உள்ள வசதிதான். உங்கள் பட்டியலோ கேட்கும்போது உருவாகிற பக்கம், அது எப்போது மாறியது என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் முதலில் ஒன்றைப் பாருங்கள். பக்கத்தில் செஷன் ஸ்டார்ட் (பார்வையாளரை நினைவில் வைக்கும் பிஎச்பி ஃபங்ஷன்) இருக்கிறதா? இருந்தால், வேறு அமைப்பு செய்யாதவரை, பிஎச்பி தானாகவே நோ-ஸ்டோர் (சேமிக்காதே) என்று அனுப்பும். எக்ஸ்பயர்ஸ் ஹெடரில் 1981 நவம்பர் 19 என்று ஒரு விசித்திரமான தேதி தெரிந்தால் இதுதான் காரணம். பிரவுசர் பக்கத்தைச் சேமிக்கவே சேமிக்காது, அப்புறம் இஃப்-மாடிஃபைட்-சின்ஸ் எங்கிருந்து வரும்? இந்த ஹெடர்களைப் போடும் செஷன் கேஷ் லிமிட்டர் அமைப்பைக் காலியாக்கிவிட்டு, கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் பிரைவேட் (பார்வையாளரின் பிரவுசர் மட்டும் வைத்துக்கொள்ளலாம்), நோ-கேஷ் என்று நீங்களே போடுங்கள். நோ-கேஷ் இருந்தால் பிரவுசர் வைத்துக்கொள்ளும், ஆனால் சர்வரைக் கேட்காமல் காட்டாது.

சரி, எந்த நேரத்தைச் சொல்வது? என்னைக் கேட்டால் உண்மையான வேலையே இதுதான். பிஎச்பி கோப்பின் ஃபைல்எம்டைமை (கோப்பு மாறிய நேரம்) கொடுத்தால் விலை மாறினாலும் பழைய பக்கமே தெரியும். பொருள் டேபிளில் மாற்ற நேரத்தின் மேக்ஸ் (இருப்பதில் பிந்தியது) எடுக்கலாம், பலரும் அதைத்தான் செய்கிறார்கள், ஆனால் ஒரு பொருளை நீக்கினால் மேக்ஸ் ஏறாது, நீக்கிய பொருள் பார்வையாளரிடம் அப்படியே நிற்கும். அதனால் ஒரே ஒரு வரி உள்ள தனி டேபிள் வைத்து, சேர்த்தாலும் திருத்தினாலும் நீக்கினாலும் அதில் நேரத்தைப் புதுப்பியுங்கள். அந்த நேரம், டெம்ப்ளேட் கோப்பின் நேரம், இரண்டில் எது பிந்தியதோ அதுதான் உங்கள் லாஸ்ட்-மாடிஃபைட். நள்ளிரவில் தானாக முடிகிற தள்ளுபடி மாதிரி ஏதாவது இருந்தால் எந்த வரியும் மாறாமலே பக்கம் மாறும், அந்த நேரத்தையும் கணக்கில் எடுங்கள்.

இஃப்-மாடிஃபைட்-சின்ஸில் வந்த நேரத்தை இந்த நேரத்தோடு ஒப்பிட்டு, பின்னர் எதுவும் மாறவில்லையென்றால் 304 அனுப்புங்கள். இந்தச் சோதனையைப் பக்கத்தின் உச்சியிலேயே வையுங்கள். பெரிய குவெரி எல்லாம் ஓடி முடிந்தபின் 304 அனுப்பினால் பேண்ட்வித் மட்டும்தான் மிச்சம்.

தேதியை ஜிஎம்டேட் (ஜிஎம்டி நேரத்தில் எழுதும் பிஎச்பி ஃபங்ஷன்) கொண்டு எழுதுங்கள். இந்திய நேரத்துக்கு ஜிஎம்டி என்று பெயர் போட்டு அனுப்பினால் அது ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும், அதற்குள் செய்த திருத்தம் எதுவும் பார்வையாளருக்குப் போகாது.

பக்கத்தில் பயனர் பெயரோ கூடை எண்ணிக்கையோ வருகிறதா? அப்போது நேரம் மட்டும் போதாது, லாக்அவுட் செய்தாலும் பழைய பெயரே தெரியும். அவற்றைத் தனியாக அஜாக்ஸில் (பக்கம் வந்தபின் பின்னணியில் கேட்டு வாங்கும் முறை) கொண்டுவாருங்கள், அல்லது ஈடேக் (உள்ளடக்கம் மாறினால் மாறும் அடையாளக் குறி) போடுங்கள். ஈடேக் போட்டால், பிரவுசர் அதைத் திருப்பி அனுப்பும் இஃப்-நன்-மேட்ச் ஹெடர் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், வந்திருந்தால் நேரத்தைக் கண்டுகொள்ளக் கூடாது.

முடித்ததும் ஒரு பொருளை நீக்கிவிட்டு, பழைய நேரத்தை இஃப்-மாடிஃபைட்-சின்ஸில் வைத்து கர்லில் (கட்டளை வரியிலிருந்து பக்கம் கேட்கும் கருவி) கேட்டுப் பாருங்கள். 200 வர வேண்டும்.