ஒரே மவுஸ், இரண்டு சிஸ்டம்: வாசகர் கேள்வி பதில்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, கூடவே உபுண்டு என்ற லினக்ஸ் சிஸ்டத்தையும் போட்டுக்கொண்டவர்கள் அதன்பிறகு எனக்கு நிறைய எழுதுகிறார்கள். இந்த முறை மவுஸ் பற்றி வந்த கடிதங்கள் மட்டும்.

அம்மா, நான் ஆரணியில் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறேன். ஜக்காடு டிசைன் சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும். மெயில், பேங்க் வேலையெல்லாம் உபுண்டுவில். உபுண்டுவில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு டிசைனுக்குத் திரும்பினால், புட்டாவில் ஒரு கட்டத்தில் வைக்க வேண்டிய புள்ளி பக்கத்துக் கட்டத்தில் விழுகிறது. புது மவுஸ் வாங்கியும் அதே கதைதான். "போகப்போகப் பழகிடும்" என்கிறான் மகன்.
– வாசகி, ஆரணி

உங்கள் மகன் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். சேலை டிசைனில் ஒரு கட்டம் என்பது பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். அங்கே ஒரு புள்ளி தவறினால் அது தறிவரை போகும். இத்தனை வருடமாகத் தேர்ந்த கையை ஒரு செட்டிங்குக்காக வளைக்கக் கூடாது, செட்டிங்கைத்தான் கைக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

புது மவுஸ் வாங்கியும் சரியாகாததற்குக் காரணம், வேகத்தைப் பற்றிய கணக்கு மவுஸுக்குள் இல்லை, சிஸ்டத்துக்குள் இருக்கிறது. நீங்கள் மவுஸை மெதுவாக நகர்த்தினால் அம்புக்குறி குறைவாகவும், அதே தூரத்தை வெடுக்கென்று நகர்த்தினால் அதிகமாகவும் போகும். இதை அக்சிலரேஷன் என்பார்கள். விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' என்ற பெயரில் ஒளிந்திருப்பது இதுதான். உபுண்டுவிலும் இது உண்டு. ஆனால் எந்த வேகத்துக்கு எவ்வளவு கூட்டுவது என்ற கணக்கு இரண்டிலும் வேறு வேறு. அதனால் வேகப் பட்டையை இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வைத்தாலும் கைக்கு ஒன்றுபோல இருக்காது. எத்தனையோ பேர் அந்தப் பட்டையையே இழுத்து இழுத்து அலுத்துப்போகிறார்கள்.

வழி என்னவென்றால், அக்சிலரேஷனை இரண்டிலும் அணைத்துவிடுவது. விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், மவுஸ், பாயிண்டர் ஆப்ஷன்ஸ் என்று போய், நான் சொன்ன அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். மேலே இருக்கும் வேகப் பட்டையில் 11 படிகள் உண்டு, நடுவில் இருக்கும் 6-ஆவது படியில் நிறுத்துங்கள். உபுண்டு 24.04-இல் செட்டிங்ஸ், மவுஸ் அண்ட் டச்பேட் பகுதியில் 'மவுஸ் அக்சிலரேஷன்' என்ற சுவிட்சை அணைத்து, வேகத்தை அங்கேயும் நடுவில் வையுங்கள்.

அப்புறம் ஓர் அளவுகோலை எடுத்து மேஜைமேல் வைத்துச் சோதியுங்கள். டிபிஐ என்பது ஓர் அங்குல நகர்வை மவுஸ் எத்தனை புள்ளிகளாக எண்ணுகிறது என்ற அளவு. 1000 டிபிஐ மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அம்புக்குறி 1000 பிக்சல் போக வேண்டும். 1920 பிக்சல் அகலத் திரையில் அது பாதியைச் சற்றே தாண்டும். இரண்டு சிஸ்டத்திலும் ஒரே தூரம் போனால் வேலை முடிந்தது. திரையில் எழுத்தைப் பெரிதாக்க ஸ்கேலிங்கை 100 சதவீதத்துக்கு மேல் வைத்திருந்தால் கணக்கு மாறும், அப்போது உபுண்டு பக்கம் வேகத்தைச் சற்றுக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். அக்சிலரேஷன் இல்லாமல் திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகக் கை கூடுதலாக நகர வேண்டும். முதலில் அது பாரமாகத்தான் தெரியும். அதனால் அவசர ஆர்டர் கையில் இருக்கும் வாரத்தில் இந்த மாற்றத்தைச் செய்யாதீர்கள்.

என் மகளுக்கு இடது கைப் பழக்கம். விண்டோஸில் மவுஸ் பட்டன்களை மாற்றி வைத்தேன். லினக்ஸுக்குப் போனால் பழையபடி ஆகிவிடுகிறது. நான் உட்காரும்போது எனக்குக் குழப்பம்.
– வாசகர், குடியாத்தம்

2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தன. வேலூரில் என் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் அப்போதே இதைக் கேட்பார்கள். விண்டோஸில் செய்த மாற்றம் லினக்ஸுக்குத் தெரியாது, அங்கே தனியாகச் செய்ய வேண்டும். உபுண்டு என்றால் அதே மவுஸ் பகுதியில் 'பிரைமரி பட்டன்' என்பதை வலது என்று மாற்றுங்கள்.

உங்கள் குழப்பத்துக்கும் வழி இருக்கிறது. இந்த செட்டிங் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகிறது. மகள் பெயரில் இரண்டு சிஸ்டத்திலும் தனி அக்கவுன்ட் தொடங்கிக் கொடுங்கள், உங்கள் பட்டன்கள் உங்களுக்கு, அவள் பட்டன்கள் அவளுக்கு. வலது கை வடிவத்துக்கென்றே வளைத்துச் செய்த மவுஸை மட்டும் அவளுக்கு வாங்காதீர்கள், இரு பக்கமும் ஒரே வடிவில் இருப்பதே நல்லது. தயவுசெய்து அவளை வலது கைக்கு மாற்றப் பார்க்காதீர்கள்.

ப்ளூடூத் மவுஸ் விண்டோஸில் வேலை செய்கிறது. உபுண்டுவில் இணைத்துவிட்டுத் திரும்பி வந்தால் விண்டோஸ் அதை ஏற்பதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக இணைக்கிறேன். மவுஸ் கெட்டுவிட்டதா?
– மாணவர், காட்பாடி

மவுஸ் நன்றாகத்தான் இருக்கிறது. இணைக்கும்போது மவுஸும் கம்ப்யூட்டரும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை வைத்துக்கொள்கின்றன. கம்ப்யூட்டரை மவுஸ் அடையாளம் காண்பது அதன் ப்ளூடூத் முகவரியை வைத்து. விண்டோஸுக்கும் உபுண்டுவுக்கும் முகவரி ஒன்றுதான், ஏனென்றால் ப்ளூடூத் சிப் ஒன்றுதான். ஆக, உபுண்டுவில் இணைத்ததும் மவுஸ் பழைய சாவியை அழித்துப் புதியதை எழுதிக்கொள்கிறது. விண்டோஸ் கையில் இருப்பது பழைய சாவி.

விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் சாவியை எடுத்து உபுண்டுவின் ஃபைலில் எழுதிவிடும் முறை ஒன்று உண்டு. கைதேர்ந்தவர்கள் செய்யலாம், தேர்வு நேரத்தில் உங்களுக்கு அது வேண்டாம். உங்கள் மவுஸின் அடியில் 1, 2, 3 என்று மாற்றும் பொத்தான் இருந்தால் ஒன்றில் விண்டோஸையும் இரண்டில் உபுண்டுவையும் இணைத்துப் பாருங்கள், பல மவுஸ்களில் இது போதும். இல்லையென்றால் சின்ன யுஎஸ்பி ரிசீவரோடு வரும் வயர்லெஸ் மவுஸே மேல். அதில் இணைப்பு ரிசீவரிலேயே இருக்கிறது, எந்த சிஸ்டம் ஓடினாலும் அதற்குக் கவலையில்லை.

உபுண்டுவில் ஆபீஸ் கடிதம் டைப் செய்து மேலும் கீழும் உருட்டும்போது, எங்கேயோ இருந்த வார்த்தைகள் நடுவில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. வைரஸா?
– வாசகர், ராணிப்பேட்டை

இல்லை. லினக்ஸில் ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுத்துவிட்டு வீலை அழுத்தினால், அந்த வரி அப்படியே பேஸ்ட் ஆகும். விண்டோஸில் இந்தப் பழக்கம் இல்லாததால் உங்களுக்குத் தெரியாமலே வீலை அழுத்திவிடுகிறீர்கள். 'ட்வீக்ஸ்' என்ற ஆப்பை நிறுவி, அதில் 'மிடில் கிளிக் பேஸ்ட்' என்பதை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே அனுப்பிய கடிதங்களையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள்.