டிவி, புரொஜெக்டரில் காமா 2.2 வைப்பதா, 2.4 வைப்பதா?

அறை வெளிச்சத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருக்கும் சாம்பல் நிறங்கள் எவ்வளவு பளிச்சென்று தெரிய வேண்டும் என்ற கணக்குதான் காமா. 50 சதவீத சிக்னலுக்கு 2.2-இல் திரையின் முழு வெளிச்சத்தில் சுமார் 22 சதவீதம் கிடைக்கும், 2.4-இல் 19தான். அதனால் பகல் வெளிச்சம் விழும் ஹாலுக்கு 2.2, விளக்கணைத்த அறைக்கு 2.4.

ஆனால் முதலில் பிரைட்னஸை, அதாவது கறுப்பு எவ்வளவு இருட்டாகத் தெரிய வேண்டும் என்ற அமைப்பைச் சரிசெய்யுங்கள், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். கறுப்பு நிலைக்கான சோதனைப் படத்தில் 16 என்று எண்ணிட்ட முழுக் கறுப்புப் பட்டை பின்னணியோடு கரைந்து, 17, 18 எண் பட்டைகள் லேசாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அதைவிடக் குறைத்தால் இருட்டுக் காட்சியில் தலைமுடியும் கறுப்புச் சட்டையும் ஒன்றாகிவிடும். அப்புறம் காமாவை எப்படி மாற்றினாலும் அந்த விவரம் திரும்பாது.

எச்டிஆர் (HDR, வெளிச்ச வேறுபாட்டை அதிகமாகக் காட்டும் வகை) படங்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது.