பாட்டு முந்தி, படம் பிந்தி

அன்புள்ள சார்,

நான் இசைக் காணொளிகள் நிறையப் பார்ப்பவன். கொஞ்ச நாளாக எல்லாமே ஒன்றுபோலத் தெரிகின்றன. பாடகர் ஒரு வரியைப் பாலைவனத்தில் பாடுகிறார், அடுத்த வரியை மொட்டைமாடியில், அதற்கடுத்த வரியை மழையில். கையில் மைக் கிடையாது. மின்சார கிடாரை வயரே இல்லாமல் வாசிக்கிறார்கள். தலைமுடி ஸ்லோமோஷனில் பறக்கிறது, ஆனால் உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் போகிறது. அது எப்படி? ஒரு ஷாட் இரண்டு வினாடிகூட நிற்பதில்லை. திரைப்படத்தில் இப்படி இடம் மாறினால் தப்பு என்பார்கள், இங்கே யாரும் கேட்பதில்லை. இதெல்லாம் சோம்பேறித்தனமா, இல்லை ஏதாவது காரணம் இருக்கிறதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சோம்பேறித்தனமும் உண்டு, காரணமும் உண்டு. காரணம் ஏறக்குறைய ஒன்றுதான். கேமராவைத் தூக்கிக்கொண்டு வரும்போது பாட்டு முடிந்துபோயிருக்கிறது. பதிவுசெய்து, மிக்ஸிங் முடித்து, இத்தனை நிமிடம் இத்தனை வினாடி என்று அறுதியாகி வந்துவிடும், அதில் கால் வினாடியைக் கூட்டவோ குறைக்கவோ இயக்குநருக்கு உரிமை இல்லை. திரைப்படத்தில் ஒலி படத்துக்குப் பின்னால் வரும். இங்கே படம் ஒலிக்குப் பின்னால் போகிறது. நீங்கள் கேட்ட பாதிக் கேள்விகளுக்கு இதுவே பதில்.

இடம் மாறுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். திரைப்படத்தில் ஒருவர் பாலைவனத்திலிருந்து மாடிக்குத் தாவினால் எப்படி வந்தார் என்று கேட்கிறோம், ஏனென்றால் அங்கே தொடர்ச்சியைக் கண்தான் கட்டிக் காக்க வேண்டும். இங்கே அந்த வேலையைக் காது செய்துவிடுகிறது. குரல் அறுபடாமல் ஓடிக்கொண்டிருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் குறையாகத் தெரிவதில்லை. அப்புறம் ஒரு நடைமுறை விஷயமும் இருக்கிறது. பெரும்பாலும் ஒவ்வொரு இடத்திலும் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை முழுசாகப் பாடவைத்து எடுப்பார்கள். பாலைவனத்தில் ஒரு முழுப் பாட்டு, மாடியில் ஒன்று, மழையில் ஒன்று. எடிட்டர் இவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே ஒலித்தடத்தோடு பூட்டிவிட்டால் போதும், எந்த வரியை எந்த இடத்திலும் வைக்கலாம். நீங்கள் பார்க்கும் தாவல் அந்த அடுக்கில் மேலும் கீழும் போய்வருவதுதான்.

மைக்கும் வயரும் இல்லாததற்குக் காரணம், படப்பிடிப்பில் எழும் சத்தம் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது என்பது. ஒலிபெருக்கியில் பாட்டை ஓடவிட்டு அதற்கு வாயசைக்கிறார்கள். டிரம்ஸ் வாசிப்பவர் நிஜமாகவே ஓங்கி அடித்தால் மற்றவர்களுக்குப் பாட்டே கேட்காது, அதனால் அவர் கையை வேகமாக வீசி மெதுவாகத் தொட வேண்டியிருக்கும், உண்மையில் கஷ்டமான நடிப்பு அதுதான். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். தொலைவிலிருந்து எடுக்கும் ஷாட்டில் ஒலிபெருக்கி தெரியக்கூடாது என்று 34 மீட்டர் தள்ளி வைத்தால், பாடகர் காதுக்குப் பாட்டு பத்தில் ஒரு வினாடி தாமதமாகத்தான் போய்ச் சேரும். வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள் என்ற கணக்கில் அது இரண்டு ஃபிரேமுக்கும் மேல். உதடு ஒட்டவில்லையே என்று பார்க்கிறவருக்கு உறுத்த அதுவே போதும். அதற்காகத்தான் காதுக்குள் சின்ன இயர்போனை ஒளித்துவைப்பது, இல்லையென்றால் எடிட்டிங்கில் அந்த ஷாட்டை இரண்டு ஃபிரேம் முன்னால் நகர்த்துவது.

இப்போது ஸ்லோமோஷனுக்கு வருகிறேன், உங்களுடைய நல்ல கேள்வி அது. வினாடிக்கு 48 ஃபிரேம் எடுத்து 24-இல் ஓட்டினால் அசைவு பாதி வேகமாகும் இல்லையா? அப்படியானால் படம்பிடிக்கும்போது பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட வேண்டும். பாடகர் அந்த வேகத்துக்கு வாயசைப்பார். நேரில் பார்த்தால் சிரிப்பு வரும், முகத்தைக் காதல் சோகமாக வைத்துக்கொண்டு வாயை மட்டும் கடகடவென்று ஓட்டுவது எளிதல்ல. பிறகு படத்தைப் பாதி வேகத்துக்குக் கொண்டுவரும்போது உதடு பாட்டின் இயல்பான வேகத்துக்கு வந்துவிடுகிறது, முடியும் துணியும் புகையும் மெதுவாகிவிடுகின்றன. தி போலீஸ் குழுவின் 'ராப்ட் அரவுண்ட் யுவர் ஃபிங்கர்' பாடலுக்கு 1983-இல் காட்லி, கிரீம் என்ற இயக்குநர் இரட்டையர் எடுத்த காணொளி முழுக்க இந்த உத்திதான், சுற்றிலும் மெழுகுவர்த்திகள், நடுவில் குழுவின் பாடகர் ஸ்டிங் கனவில் மிதப்பதுபோல நகர்வார். அங்கே அது பாட்டின் மனநிலையோடு சேர்ந்தது. இன்றைக்கு ஒரு பொத்தானில் வந்துவிடுவதால் எல்லாரும் எல்லாவற்றுக்கும் செய்கிறார்கள், எனக்கும் சலித்துவிட்டது.

அடிக்கடி கட் ஆவதைப் பற்றி. நிமிடத்துக்கு 120 பீட், அதாவது தாளத்தட்டு உள்ள பாட்டென்றால் ஒரு பீட் சரியாக 12 ஃபிரேம், எடிட்டருக்குக் கொண்டாட்டம். 128 என்றால் 11.25 ஃபிரேம். கால் ஃபிரேமில் வெட்ட முடியாது. பதினொன்று பதினொன்றாக எண்ணிக்கொண்டு போனால் ஒரு நிமிடத்தில் 32 ஃபிரேம், அதாவது ஒரு வினாடிக்கும் மேல் பிசகிவிடும். ஆகவே ஒலி அலையைப் பார்த்து ஒவ்வொரு வெட்டையும் தனியாக வைக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பீட்டுக்கும் கட் செய்வது என் பார்வையில் மோசமான எடிட்டிங். டிரம்ஸ் ஏற்கெனவே சொல்லிவிட்டதைப் படமும் திரும்பச் சொல்வானேன்? நல்ல எடிட்டர் சில பீட்டுகளைச் சும்மா விட்டுவிட்டு, பாடகர் மூச்சிழுக்கும் இடத்தில் வெட்டுவார்.

வாயசைத்து எடுப்பது, எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியின் காலத்தில் பிறந்ததல்ல. எம்டிவி 1981 ஆகஸ்ட் 1 அன்றுதான் தொடங்கியது. 1940களிலேயே அமெரிக்காவில் பானோரம் என்றொரு இயந்திரம் இருந்தது, காசு போட்டால் ஒரு பாட்டுப் படம் ஓடும். முதலில் ஒலிப்பதிவு, பிறகு வாயசைப்பு, அதே முறை. படம் கண்ணாடிகளில் பிரதிபலித்துப் பின்னாலிருந்து திரையில் விழுவதால் படச்சுருளை இடவலம் மாற்றி அச்சடித்தார்கள். அந்தச் சுருளைச் சாதாரணப் புரொஜெக்டரில் ஓட்டினால் கிடார் வாசிப்பவர்கள் எல்லாரும் இடக்கைக்காரர்களாகத் தெரிவார்கள்!

சரி, சோம்பேறித்தனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? முகத்தைச் சில வினாடிக்கொரு முறை அருகில் காட்டுவதை நான் சோம்பேறித்தனம் என்று சொல்லமாட்டேன், அது விற்பனைக் கட்டாயம், காணொளி அடிப்படையில் பாட்டுக்கு விளம்பரம். நான் செய்து பார்ப்பது வேறு. ஒலியை நிறுத்திவிட்டு, கிட்டத்தட்ட அதே வேகமுள்ள வேறொரு பாட்டை மேலே ஓடவிடுங்கள். உதட்டசைவைக் கணக்கில் எடுக்காதீர்கள். புதுப் பாட்டுக்கும் படம் அப்படியே பொருந்துகிறதா? அப்படியென்றால் எடுத்தவர் பாட்டைக் கேட்கவே இல்லை. இயக்குநர் மிஷெல் கோந்த்ரி, கெமிக்கல் பிரதர்ஸ் என்ற இசைக் குழுவுக்காக எடுத்த 'ஸ்டார் கிட்டார்' காணொளியில் இதைச் செய்து பாருங்கள். பாடகர் இல்லை, கதை இல்லை, ரயில் ஜன்னல் வழியே தெரியும் காட்சி மட்டும்தான். பாட்டில் எந்த ஒலி வருகிறதோ அதற்குரிய கம்பமோ கட்டடமோ பாலமோ அந்த நொடியில் ஜன்னலைக் கடக்கும். வேறு பாட்டைப் போட்டால் அது வெறும் ரயில் பயணமாகிவிடும்.

அன்புடன்