பங்குனி வெயிலில் தோட்டம்: கேள்வி பதில்

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர்: அண்ணாச்சி, முற்றத்துக் கொன்றை இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கிறது. பட்டுப்போச்சா? விஷுக் கணிக்குப் பூ வேண்டுமே!

பதில்: கோடாலியைக் கீழே வையுங்கள் மக்கா! பூக்கப் போகிற கொன்றை இலை உதிர்ப்பது வழக்கம்தான். சிறு கிளை ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. உரம் எதுவும் வேண்டாம், வெயில் விழுந்தால் போதும். சில மரங்கள் அவசரப்பட்டு மாசியிலேயே பூத்துவிடும். உங்கள் மரம் இன்னும் மொட்டையாக நிற்பது கணிக்கு நல்லதுதான். எனக்கு வருஷத்திலேயே பிடித்த காத்திருப்பு இது.

ஆரல்வாய்மொழி: பிச்சிக்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது. பூ மட்டும் பேருக்குத்தான். இப்போது வெட்டிவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். பிச்சிக்குக் கவாத்து டிசம்பர் கடைசியில், மல்லிகைக்கு அதற்கும் ஒரு மாதம் முன்னால். புதுத் துளிரில்தான் பூ வரும் என்பதால் கவாத்தைத் தள்ளிப்போட்டால் பூவும் தள்ளிப்போகும். இந்த வருஷம் காய்ந்த குச்சிகளை மட்டும் எடுத்துவிடுங்கள். யூரியா போட்டிருந்தால் நிறுத்துங்கள், அது இலையைத்தான் வளர்க்கும். பந்தலுக்கு மரநிழல் விழுகிறதா என்றும் பாருங்கள். அப்புறம், உங்கள் ஊர்க் கணவாய்க் காற்று மண்ணைச் சீக்கிரம் காயவைக்கும். தூரைச் சுற்றிச் சருகு பரப்பி மண்ணை மூடும் மூடாக்கு கட்டாயம். மொட்டுகளை விடியுமுன் பறித்தால் மணம் வீட்டுக்குள் வந்து விரியும். தோவாளைச் சந்தைக்குப் பூ அனுப்புகிறவர்கள் இருட்டிலேயே தோட்டத்தில் இறங்குவது அதனால்தான்.

கொல்லங்கோடு: கடற்கரை மணல். ஊற்றுகிற தண்ணீர் நிற்பதே இல்லை.

பதில்: வீட்டில் கதம்பை, அதான் தேங்காய் உரித்த மட்டை, கிடக்குமே! அதை வெளியே கொடுத்துவிடாதீர்கள். குழி தோண்டிக் கதம்பையைக் குழிவுப் பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி மண் போட்டு மூடினால் ஈரம் பிடித்து வைக்கும். மண்ணுக்கு மேலே மூடாக்காகப் போடுவதென்றால் கவிழ்த்துப் போடுங்கள், கொசு வராது. உப்புக்காற்று படிந்த இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

தக்கலை: மாம்பூ கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. மருந்து அடிக்கவா?

பதில்: மாம்பூவில் பெரும்பங்கு ஆண் பூ, அது உதிரத்தான் செய்யும். கவலை வேண்டாம். பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு தண்ணீர் விடுங்கள்.

குலசேகரம்: சேனை நட நேரம் தாண்டிவிட்டதா அண்ணாச்சி?

பதில்: இல்லை, மாசியும் பங்குனியும் அதற்கு உகந்த மாதங்கள். ஒவ்வொரு துண்டிலும் முளைப்பகுதி கொஞ்சம் இருக்கும்படி வெட்டி, சாணிக் கரைசலில் முக்கி, நிழலில் உலர்த்தி நடுங்கள். கோடை மழை ஒன்று விழுந்தால் முளை எழும்பிவிடும். எட்டு ஒன்பது மாதத்தில் கிழங்கு தோண்டலாம்.